பிரேக் மிதிக்கும் நிழல்

தேன்கூட்டு மலை ஏற மொத்தம் பதினேழு வளைவு. முதல் வளைவு திரும்புவதற்கு முன்னால் வண்டி முனியப்பன் கோயில், கோயிலை ஒட்டி அம்சவேணியின் டீக்கடை, ரோட்டுக்கு இந்தப் பக்கம் பொங்கியண்ணன் பஞ்சர் கடை, அந்தப் பொங்கியண்ணன் நான்தான். இதைச் சொல்ல வேண்டியவனும் நான்தான், ஏனென்றால் இதில் பாதி என் வாயால் வந்தது. மலை ஏறுகிற வண்டி எதுவானாலும் கோயில் முன்னால் நின்று, என்ஜினை அணைத்து, டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி வர, ஆண்டிப் பூசாரி அவன் நெற்றியிலும் வண்டியின் ஸ்டியரிங்கிலும் திருநீறு பூசி, முன்சக்கரம் இரண்டுக்கும் கீழே ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்து, டிரைவர் திரும்ப ஏறி அந்தப் பழங்களை நசுக்கிக்கொண்டு புறப்பட்டால்தான் மலை அந்த வண்டியைத் தன்மேல் ஏற விடும் என்பது எங்கள் வழக்கம். அதனால் எங்கள் ரோட்டில் எந்நேரமும் எலுமிச்சை வாசனை அடித்துக்கொண்டிருக்கும். அந்த வாசனைக்குள் வேறு எந்த வாசனையும் தெரியாது என்பதை நான் பிற்பாடுதான் யோசித்தேன்.

ஒரு ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மத்தியானம் இரண்டு மணிக்கு, அம்சவேணியின் புருஷன் செங்கோடன் தன் வேனைக் கோயில் முன்னால் நிறுத்தி, திருநீறு வாங்கி, ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான். சாத்திய கதவின் அடியிலிருந்து அவன் நிழல் மெதுவாக வழிந்து, படியில் ஒரு கால் வைத்து, தரையில் இறங்கி, நசுங்கக் காத்திருந்த எலுமிச்சம்பழத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, கோயிலின் வெள்ளையடித்த சுவரோரம் போட்டிருக்கும் கல்பெஞ்சு வரை நடந்து போய், அங்கே உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டது. தலையில் கட்டியிருந்த துண்டு, லேசாக முன்னால் வந்த தொந்தி, எல்லாம் அச்சு அசல் செங்கோடன். வேன் போய்விட்டது. பெஞ்சில் ஏற்கெனவே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் நிழலுக்கு இடம் வேண்டும் என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார், அவ்வளவுதான். அம்சவேணி மட்டும் கையில் பிடித்த டம்ளரோடு வெளியே வந்து சுவரையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது இங்க கெடக்குது. அப்ப அவரு என்னத்த எடுத்துட்டுப் போறாரு?" என்றாள்.

மாலை ஐந்து மணிக்கு மலைமேல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு செங்கோடன் இறங்கி வந்து வண்டியை நிறுத்தியதும், நிழல் எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அவன் காலடியில் போய் ஒட்டிக்கொண்டது. மறுநாளும் இறங்கியது. அதற்கடுத்த நாள் தக்காளி ஏற்றப் போன மினி லாரிக்காரன் நிழலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. ஒரு வாரத்தில் பெஞ்சு போதாமல் நாங்கள் இன்னொரு கல்லைத் தூக்கிவந்து போட்டோம்.

எதனால் இறங்குகிறது என்று எங்களுக்குத் தெரியவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். செங்கோடன் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு குவாட்டர் போடுவான் என்பது அடிவாரத்துக்கே தெரியும், ஊற்றிக்கொண்டால்தான் அவன் கை ஆடாது என்று நாங்களே பெருமையாகச் சொல்லுவோம். மினி லாரிக்காரனும் அந்த ரகம். சொட்டுக்கூடத் தொடாத பஸ் டிரைவர் ஒருவருக்கு நிழல் இறங்கியபோது அவர் முனியப்பன்மேல் சத்தியம் செய்து, பூசாரியிடம் வாயை ஊதிக் காட்டி, அழாத குறையாக நின்றார். விசாரித்தால் இரண்டு நாளாகத் தூக்கமில்லாமல் ஓட்டிக்கொண்டிருக்கிறார். இன்னொருவருக்குச் சளி மாத்திரை போட்ட அசதி. ஆக, கண்ணும் கையும் தன்வசம் இல்லாதவனோடு அவன் நிழல் மலையேற மாட்டேன் என்கிறது, இதைப் புரிந்துகொள்ள பெரிய படிப்பு வேண்டியதில்லை, எங்களுக்கும் புரிந்தது. புரிந்த பிறகு செய்ததுதான் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அம்சவேணிக்கு ஒரே மகள், தர்ஷினி, பத்தாவது படிக்கிறாள். எங்கள் கீழூரில் எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடுவதால் காலையில் அப்பா வேனில் மலைக்குப் போய், மாலையில் அதே வேனில், டிரைவர் சீட்டுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இறங்கி வருவாள். காலையில் செங்கோடனின் நிழல் அவனோடுதான் போகும். மத்தியானம் போகாது. இதைக் கண்ட அம்சவேணி என் கடைக்கு வந்து, "அண்ணா, எனக்கு இது நல்லதாப் படலீங்ண்ணா, எம்புள்ள அதுலதான வருது" என்று நின்றாள். நான் ஒரு டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை மும்முரத்தில், அவளைச் சமாதானப்படுத்தி அனுப்பினால் போதும் என்று, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"முனியப்பன் பிணையாப் புடிச்சு வச்சிருக்காரும்மா. நெழல வாங்கிக்க ஆளு திரும்பி வந்துதான ஆவோணும்? நீ பயப்படாத போ."

இவ்வளவுதான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அது மலை உச்சி வரைக்கும் போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் நினைத்தால் சிரிப்பும் வருகிறது, சிரித்ததற்காகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் தோன்றுகிறது. பூசாரி சுவரில் நிழல்களின் நெற்றி வருகிற இடம் பார்த்துத் திருநீறு பூச ஆரம்பித்தார். நிழல்களுக்கு வெயில் படக்கூடாது என்று யாரோ தென்னங்கீற்றில் பந்தல் போட, பந்தலின் நிழலில் இவற்றின் நிழல் தெரியாமல் போய், மறுநாளே பந்தலைப் பிரித்தார்கள். எந்த நிழல் யாருடையது என்று கண்டுபிடிப்பது பெண்களுக்குப் பொழுதுபோக்காகி, கல்யாணத்துக்குப் பையன் பார்க்கிறவர்கள்கூட மாப்பிள்ளையின் நிழல் பெஞ்சில் உட்கார்கிறதா என்று ரகசியமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள், உட்கார்ந்தால் நல்ல சகுனமாம். இரண்டு மாதம் எங்கள் மலையில் ஒரு விபத்தும் நடக்கவில்லை என்பது உண்மை. நிழலை விட்டுவிட்டுப் போன ஒவ்வொருவனும் திரும்பி வந்து அதை வாங்கிக்கொண்டு போனான் என்பதும் உண்மை. இந்த இரண்டு உண்மையையும் வைத்துக்கொண்டு நாங்கள் என்ன முடிவுக்கு வந்தோம் என்றால், நிழல் இறங்கிய வண்டியில் ஏறுவதுதான் பத்திரம் என்ற முடிவுக்கு வந்தோம்.

மலைக்குப் போகிற சனம் வேனுக்குப் பக்கத்தில் நின்று டிரைவர் கதவின் அடியையே பார்த்துக்கொண்டிருக்கும். நிழல் வழிந்து இறங்கியதும், "எறங்கிருச்சு, எறங்கிருச்சு, ஏறுங்க" என்று ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு ஏறுவார்கள். இறங்காத வண்டியில் ஏறியவர்கள்கூட எதையோ மறந்துவிட்டது போலக் கீழே இறங்கிவிடுவார்கள்.

இதில் அடிபட்டவன் மாதேஸ்வரன். பத்தொன்பது வருஷமாக அந்த மலையில் வேன் ஓட்டுகிறவன், பீடிகூடக் கிடையாது, ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்துவிடுவான், ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, கியரைக் குறைத்து, எதிரில் ஒன்றும் வரவில்லை என்று தெரிந்த பிறகும் ஒரு தடவை பிரேக்கில் கால் வைத்துத்தான் திரும்புவான். அவன் வண்டியில் போனால் பொழுது சாய்ந்துவிடும் என்று நாங்கள் கேலி பேசுவோம். அவன் நிழல் அவனைவிட்டு அரை அடி நகர்ந்தது கிடையாது. ஆவணி பிறந்தபோது அவன் வண்டி காலியாக ஏறி காலியாக இறங்கிக்கொண்டிருந்தது.

"உன்ர நெழலு எறங்க மாட்டேங்குதே மாதேசு, முனியப்பனுக்கு உன்ர மேல என்ன கோவம்?" என்று கேட்டதும் நான்தான். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. மறுநாள் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொண்டுவந்து, வீட்டில் பெண்டாட்டி கோகிலா பார்த்தால் வைவாள் என்று சொல்லி, என் தண்ணீர்த் தொட்டியின் அடியில் வைத்துவிட்டுப் போனான். காகிதம் ஊறிப் பிரிந்து பாட்டில் தெரிந்தது. பத்து நாள் அது அங்கேயே கிடந்தது. தினமும் வந்து தொட்டியை எட்டிப் பார்ப்பான், மூக்கைச் சுளிப்பான், போய்விடுவான்.

இதற்கிடையில் அம்சவேணி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். எங்களுக்கெல்லாம் நிழல் வேடிக்கை, அவளுக்கு அது புருஷன். நாங்கள் அதன் தலையைப் பார்த்தோம், அவள் காலைப் பார்த்தாள். செங்கோடனின் நிழல் பெஞ்சில் சும்மா உட்காரவில்லை. இரண்டு கையையும் மடிக்கு மேலே வட்டமாகப் பிடித்துக்கொண்டு, வலது காலால் தரையை மிதித்து மிதித்து எடுத்துக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தாள். வேன் போனதிலிருந்து முக்கால் மணி நேரத்தில் பதினேழு தடவை. பிறகு சும்மா இருந்தது. நாலு மணிக்கு மேல் திரும்பவும் பதினேழு தடவை.

அன்றைக்குச் சாயங்காலம் மகள் இறங்கியதும் கடைக்குள் கூட்டிப்போய்க் கேட்டாள்.

"கண்ணு, ஒம்பதாவது வளைவுல உங்கப்பா பிரேக்கு போட்டாரா?"

"எதுக்கும்மா கேக்கற?"

"நெழலு அந்த எடத்துல ரெண்டு காலையும் வச்சு மிதிச்சுச்சு. அதான்."

தர்ஷினி புத்தகப் பையை இறக்கி வைத்தாள். "போடலம்மா. எதுத்தாப்புல பஸ்ஸு வந்துச்சு. பலாமரத்துப் பக்கம் சுவத்த ஒரசிட்டுத்தான் வந்தோம். அப்பா சிரிச்சாரு. எனக்குக் கையெல்லாம் வேர்த்துருச்சு."

அம்சவேணிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அந்த நிழல் பிணையாக உட்காரவில்லை. பயந்துபோய் இறங்கியிருக்கிறது, இறங்கியும் மனம் கேட்காமல், மேலே போகிறவன் மிதிக்க வேண்டிய பிரேக்கையெல்லாம் கீழே உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருக்கிறது. அது மிதிப்பதற்கும் வண்டி நிற்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

எங்களிடம் வந்து சொன்னாள். பூசாரி, முனியப்பன் விஷயத்தில் பொம்பளைக்கு என்ன தெரியும் என்றார். நான், பழக்க தோஷத்தில் கால் ஆடுகிறது என்றேன். செங்கோடனிடம் சொன்னபோது அவன் வாய்விட்டுச் சிரித்து, "பாரு, கீழயும் ஒருத்தன் எனக்காக பிரேக்கு போடறான், அப்பறம் எனக்கென்ன" என்றான். கடைசியில் மகளிடம்தான் அவளால் கண்டிப்பாகச் சொல்ல முடிந்தது. "நாலு மணிக்கு வேன் வந்ததும் டிரைவர் காலுக்கடியில பாரு. தரையில நெழலு இல்லையின்னா ஏறாத. யாரு ஓட்டினாலும் ஏறாத. ஒத்தையடிப் பாதையில நடந்து வந்துரு."

"அப்பாகிட்ட எப்படிம்மா அப்படிச் சொல்றது?" என்றாள் தர்ஷினி. சொல்ல முடியவில்லை. பத்து நாளும் அவள் குனிந்து பார்த்தாள், அப்பாவின் காலடியில் வெறும் வெயில் கிடந்தது, ஏறி உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பத்து நாளும் அம்சவேணி டீ ஆற்றுவதை விட்டுவிட்டு நிழலின் காலுக்கு எதிரில் குந்த வைத்து உட்கார்ந்து, பதினேழு, பதினாறு, பதினைந்து என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்று என்று சொல்லி முடிக்கும்போது அவள் முதுகுப் பக்கம் ரவிக்கை நனைந்திருக்கும்.

பதினோராவது நாள் செங்கோடன் வழக்கத்தைவிட அதிகமாகப் போட்டிருந்தான். இறங்கி வரும்போதே திருநீற்றுத் தட்டைத் தட்டிவிட்டான். வேனுக்குப் பக்கத்தில் எட்டுப் பேர் மேலே போகக் காத்திருந்தார்கள். அவன் ஏறினான், நிழல் இறங்கியது, எல்லோரும் முண்டியடித்து ஏறினார்கள். பூசாரி பழம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் குனிந்தபோது முன்சக்கரத்துக்குக் கீழே அம்சவேணி உட்கார்ந்திருந்தாள். வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அது இருந்த இடத்தில் முதுகை டயரில் சாய்த்து, காலை நீட்டி, ஒரு முடிவோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏத்திட்டுப் போங்க" என்றாள் நிதானமாக. "பழத்துக்குப் பதிலா நான் இருக்கறன். ஏத்திட்டுப் போயிப் புள்ளையக் கூட்டிட்டு வாங்க."

செங்கோடன் திட்டினான், ஹாரன் அடித்தான், இறங்கிவந்து கையைப் பிடித்து இழுத்தான். அவள் டயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டால், முனியப்பன் காரியத்தில் குறுக்கே விழுந்தவளை எல்லோருமாகச் சேர்ந்து ஏசினோம். அரை மணி நேரம் கழித்து செங்கோடன் சாவியை அவள் மடியில் வீசிவிட்டு, பெஞ்சில் தன் நிழலுக்குப் பக்கத்திலேயே தொப்பென்று உட்கார்ந்தான். நிழல் அவனிடம் ஒட்டவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

வண்டியில் இருந்த எட்டுப் பேரும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி மாதேஸ்வரனின் வேனுக்குப் போனார்கள். போனவர்கள் ஏறவில்லை. கதவின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாதேஸ்வரன் என் கடைக்கு வந்தான். முகம் சின்னப் பிள்ளையைப் போலச் சுருங்கியிருந்தது. "அண்ணா, அதைக் கொஞ்சம் எடுங்க" என்றான். நான் தொட்டிக்குள் கையை விட்டு எடுத்து, வேட்டியில் ஈரம் போகத் துடைத்து, மூடியைத் திருகித் திறந்து கையில் கொடுத்தேன். மருந்து குடிப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு பாதிக்கு மேல் குடித்தான். இருமினான். போய் ஏறி உட்கார்ந்தான். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவன் நிழல் இறங்கியது. எங்கே போவதென்று தெரியாமல் ரோட்டிலேயே கொஞ்ச நேரம் நின்றது, என் கடைப் பக்கம் திரும்பி நின்றது, பிறகுதான் பெஞ்சைப் பார்த்து நடந்தது. எட்டுப் பேரும் சந்தோஷமாக ஏறினார்கள். எலுமிச்சம்பழம் இரண்டும் நசுங்கின.

வேன் முதல் வளைவில் மறைந்த பிறகுதான் அம்சவேணி டயரைவிட்டு எழுந்தாள். எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "தர்ஷினி எதுல வரும்?" என்றாள். செங்கோடனின் வேன் இங்கே நிற்கிறது. நாலு மணிக்கு மலைமேல் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கப்போவது மாதேஸ்வரனின் வேன். செல்போன் சிக்னல் ஐந்தாவது வளைவோடு போய்விடும். ஒரு பாவமும் அறியாத மகளை அப்பனிடமிருந்து காப்பாற்றி, குடித்துப் பழக்கமே இல்லாதவன் கையில் கொடுத்திருந்தாள்.

மாதேஸ்வரனின் நிழலுக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள். பாட்டில் துடைத்த ஈரம் வேட்டியில் இருக்க நானும் போய் உட்கார்ந்தேன். அதன் கால் பதினேழு தடவை மிதித்து ஓய்ந்தது, மேலே போய்ச் சேர்ந்துவிட்டது என்று மூச்சு விட்டோம். பிறகு நாலு மணிக்கு அது கையைத் தூக்கி வட்டமாகப் பிடித்தது.

"பதினேழு" என்றாள் அம்சவேணி. "பதினாறு."

செங்கோடன் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். போதை இறங்காத கண்ணுதான், ஆனாலும் அப்படி ஒரு பார்வையை நான் அவனிடம் பார்த்ததில்லை. பதினாலு என்றபோது அவனுடைய வலது கால் தானாகத் தரையை மிதித்தது. பதிமூன்றில் பூசாரியின் கால் மிதித்தது. பன்னிரண்டு வரும்போது டீக்கடையில் இருந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், நான், எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் வெறும் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தோம். மண் மண்ணாகவே இருந்தது. பத்து என்றாள். ஒன்பது என்று அவள் சொல்வதற்கு முன்னால் நிழல் இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்து மிதித்தது, எடுத்து மறுபடி மிதித்தது, எடுத்து மறுபடி மிதித்தது, பிரேக் பிடிக்காத வண்டியில் பம்ப் அடிப்பதுபோல நிறுத்தாமல் மிதித்துக்கொண்டே இருந்தது. எட்டு வரவே இல்லை.

செங்கோடன் எழுந்து தன் வேனை நோக்கி ஓடினான். கதவுக்கு அருகில் நின்று சாவிக்குக் கையை நீட்டினான். அம்சவேணி சாவியை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உங்க புள்ளதான். ஆனா நீங்க ஓட்டக்கூடாதுங்க" என்றாள்.

அவன் குனிந்து தன் காலடியைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. ரோட்டிலேயே உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். சாவியை நான் வாங்கினேன். வாங்குவதற்கு முன்னால் நானும் குனிந்து பார்த்தேன். என் நிழல் இருந்தது, எனக்கு அது ஏன் இன்னும் என்னோடு இருக்கிறது என்று தெரியவில்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு நானே ஓட்டினேன். எலுமிச்சம்பழம் வைக்காமல் எங்கள் மலையில் ஏறிய முதல் வண்டி அதுதான்.

நான்காவது வளைவில், ஒற்றையடிப் பாதை ரோட்டைத் தொடுகிற இடத்தில், நீலப் பாவாடையும் நீலக் கால்சட்டையுமாகப் பிள்ளைகள் பாதையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மடி நிறையக் கொய்யாக்காய். தர்ஷினி முன்னால் வந்தாள். மாதேசு மாமா காலடியில் நிழல் இல்லை, அப்பாவிடம் சொல்ல வராதது மாமாவிடம் சொல்ல வந்தது, நடந்து போகிறேன் என்று சொன்னேன், மற்றவர்கள் என்னைக் கேலி செய்தார்கள், போகிற வழியில் கொய்யா பழுத்திருக்கிறது என்றேன், உடனே எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அவள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருக்க, அம்சவேணி தலைகளை எண்ணினாள். பன்னிரண்டு, ஒன்றும் குறையவில்லை. இன்னொரு தடவை எண்ணினாள். செங்கோடன் வண்டியைவிட்டு இறங்கி, மகளுக்குப் பக்கத்தில் போகத் தைரியமில்லாமல், ரோட்டோரக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றான். தர்ஷினி ஒரு கொய்யாவை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"மாமா மட்டும் வண்டியில போனாரு" என்றாள் அவள். "இன்னும் வரலயா?"

ஒன்பதாவது வளைவில், பலாமரத்துப் பக்கம், சுவர் இல்லை. மாதேஸ்வரனைக் கீழேயிருந்து தூக்கிக்கொண்டு வந்து சேரப் பொழுது இறங்கிவிட்டது. ரோட்டில் டயர் தேய்ந்த தடம் ஒரு விரல் நீளம்கூட இல்லை. பத்தொன்பது வருஷம் எல்லா வளைவிலும் பிரேக் போட்டவன்.

இப்போது எங்கள் கோயிலில் பழம் வைப்பதற்கு முன்னால் டிரைவரை வெயிலில் நிறுத்திக் காலடியைப் பார்க்கிறோம். நிழல் நகர்ந்தால் சாவியைப் பிடுங்கிச் சூலத்தில் மாட்டிவிட்டு, அசதி தீரும் வரை படுக்கப் பாய் கொடுக்கிறோம், சண்டை போடுகிறவர்கள் சண்டை போடட்டும். செங்கோடனுக்குச் சில நாள் அது இன்னும் இறங்குகிறது. அன்றைக்கெல்லாம் யாரும் கேட்பதற்கு முன்னால் சாவியைக் கொண்டுவந்து அம்சவேணியின் கல்லாவில் வைத்துவிட்டு, வந்தவர்களுக்கு டம்ளர் கழுவிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். தர்ஷினி அவன் வண்டியில் ஏறுவதற்கு முன்னால் குனிந்து பார்ப்பதை நிறுத்தவில்லை. அவன் அவளுக்குத் தெரியும்படி நகர்ந்து வெயிலில் நிற்கிறான்.

மாதேஸ்வரனின் நிழல் பெஞ்சிலேயே இருக்கிறது. ஆளை எரித்த அன்றும் இருந்தது. பூசாரி அதன்மேல் மூன்று தடவை வெள்ளையடித்துப் பார்த்தார், வெள்ளைக்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு காலையும் சேர்த்து மிதிக்கிறது, எடுக்கிறது, மிதிக்கிறது. கோகிலா மத்தியானத்தில் வந்து அதற்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்காருவாள். பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து அவள் வந்திருந்தபோது, தொட்டி, பாட்டில், நான் மூடியைத் திருகிக் கொடுத்தது, எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். ஏசுவாள், காறித் துப்புவாள் என்று நினைத்து நின்றேன். அவள் அந்தக் கால்களைப் பார்த்தபடி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எறங்கினப்ப அது உங்களப் பாத்துச்சுங்களா அண்ணா?"

"பாத்துச்சும்மா" என்றேன்.

நான் கடைக்கு வந்து டியூபை எடுத்துத் தொட்டியில் முக்கினேன், எங்கே குமிழி வருகிறதென்று தெரியவில்லை. எதிரே சுவரில் அது மிதித்துக்கொண்டே இருந்தது. வண்டி எப்போதோ போய்விட்டது என்று அதனிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் இன்றுவரை வாய் வரவில்லை.